ஏரிக்கரையில் கற்ற பெயர்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில், இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து என்னை அழைத்தீர்கள். நானோ ஏரியையும் பறவைகளையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்ட நண்பரொருவர், "இது விலங்கியல் மன்றத்துக்குரிய பொருளாயிற்றே" என்றார். அல்ல என்பதே என் துணிபு. சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம். ஒரு பொருளை அதன் பெயரால் அறியாமல் பாடுவதனால் என்ன நேர்கிறது என்பதை என் பட்டறிவிலிருந்து சொல்லவே வந்தேன்.

நகரத்துக்கு மேற்கே, வில்லியனூரைக் கடந்து பத்துக்கண்ணு வழியே செல்பவர்கள் ஊசுடு ஏரியை அறிவார்கள். சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து நிரப்பும் பேரேரி அது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள 84 ஏரிகளுள் அதுவே பெரியது. அதன் ஒரு பாதி நம் புதுச்சேரியிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. நம் பக்கத்து 390 எக்டேர் 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டுப் பகுதியும் அவ்வாறே அறிவிக்கப்பெற்றது. எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. பறவைகளும் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

அந்த ஏரியின் பக்கத்தில் எழுந்த குடியிருப்பு ஒன்றில், பணி ஓய்வுக்குப் பின் நான் வீடு கட்டிக் குடியேறினேன். மாடியில் நின்றால் நீர்ப்பரப்பு தெரியும். மனை விற்றவர் அதனைச் சொல்லித்தான் விற்றார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் வீடு நிற்கும் இடம் முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல். ஏரியின் அழகைக் காண்பதற்காக ஏரியின் பிள்ளையான வயலைத் தூர்த்துக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டுதான் இவ்வளவும் பேசுகிறேன். எங்கள் தெருமுனையில் பெரியதொரு தூங்குமூஞ்சி மரமும் இருந்தது. அதனைப் பற்றிப் பிறகு சொல்வேன்.

குடியேறிய முதற்குளிர்காலத்தில் கவியரங்கம் ஒன்றுக்காக ஏரியைப் பற்றிப் பாடல் எழுதினேன். கருநிற வாத்துக் கூட்டம் நீரில் மிதப்பதை, பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டிருந்தேன். அரங்கில் கைத்தட்டல் கிடைத்தது. மறுநாள் ஏரிக்கரையில், வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அந்த வரிகளைப் பெருமையோடு சொல்லிக்காட்டினேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, நீங்க காட்டுறது வாத்தே இல்லீங்களே. அது நாமக்கோழி. நெத்தியில பாருங்க, வெள்ளையா நாமம் போட்டிருக்கும். வாத்துக்குக் காலு துடுப்பாட்டம் இருக்கும். இதுக்கு விரல் விரலாப் பிரிஞ்சிருக்கும்."

உற்று நோக்கினேன். கரிய உடல், நெற்றியில் அலகோடு சேர்ந்த வெண்ணிறத் தகடு. நாமம்தான். அதன் விரல்களின் இருமருங்கிலும் தோல் மடல் மடலாக விரிந்திருக்குமேயன்றி, வாத்துக்குப் போல் விரல்களை இணைக்கும் சவ்வு இராது என்பதைப் பின்னர் நூல்களில் படித்தேன். அறிவியலார் நாமக்கோழியை வாத்தினத்தில் சேர்ப்பதில்லை. தாழைக்கோழியும் கானாங்கோழியும் அடங்கிய குடும்பத்தில் சேர்க்கிறார்கள். நூல் படியாத அம்முதியவர் சொன்ன இரண்டு அடையாளங்களும் அறிவியலார் சொல்லும் அடையாளங்களே. என் பாடல் யாப்பில் தவறவில்லை. பொருளில் தவறியிருந்தது. கைத்தட்டிய அவையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பது என் தவறைவிட என்னை வருத்தியது.

அன்றுமுதல் அப்பெரியவரிடம் மாணவனானேன். காலை ஆறு மணிக்குக் கரைமீது நிற்பேன். அவர் பெயர்களைச் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். எழுத எழுத ஒன்று விளங்கிற்று. பறவைகளுக்குத் தமிழர் இட்ட பெயர் ஒவ்வொன்றும் ஒருசொற் கவிதை.

நத்தைகுத்தி நாரை என்ற பெயரைப் பாருங்கள். அதன் அலகின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த அலகு கொண்டு அது நத்தையின் உடலை ஓட்டிலிருந்து பிரித்தெடுத்து உண்கிறது. குஞ்சாக இருக்கும்போது அவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும். தொழிலைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாம்புத்தாரா நீந்தும்போது உடல் முழுதும் நீருக்குள் மறைந்து, கழுத்து மட்டுமே மேலே தெரியும். நீர்ப்பாம்பு தலைதூக்கிச் செல்வதாகவே தோன்றும். அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடும் இயல்பின. ஆகவே மீன் பிடித்தபின் பட்டமரக் கிளையில் இறக்கைகளை விரித்து உலர்த்தியபடி அமர்ந்திருக்கும். முக்குளிப்பானோ கண்ணெதிரே மூழ்கி, நாம் எதிர்பாராத இடத்தில் எழும். அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், ஊசிவால் வாத்து ஆகியவற்றுக்கு விளக்கமே வேண்டா. மனிதர் நெருங்கினால் முதலில் கூவிக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி. மடைவாயில் அசையாது நிற்பதால்தான் மடையான் என்று பெயர் என்றார் பெரியவர். "நாம அதை மடையன்னு நெனைக்கிறோம், மீனுக்குத்தான் தெரியும் அது யாருன்னு" என்றும் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு சிக்கனமான நகைச்சுவையை நான் எந்தக் கவியரங்கிலும் கேட்டதில்லை.

இத்தகைய பெயர்களை ஊர்தோறும் திரட்டித் தொகுத்த க. ரத்னம் அவர்களின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூல் நம் வட்டத்தினர் ஒவ்வொருவர் மேசையிலும் அகராதிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியது.

நம் பழம்புலவர்கள் இப்பயிற்சி உடையவர்கள். குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில், தலைவன் தன்னைக் கூடிய பொழுது அங்கே வேறு யாருமில்லை, ஒரு குருகு மட்டுமே இருந்தது என்கிறாள் தலைவி. கபிலர் அத்துடன் நிறுத்தவில்லை. அக்குருகின் கால்கள் சிறியன, பசியன, தினையின் தாளைப் போன்றன என்கிறார். ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து அது நின்றது என்கிறார். குருகு என்பது பல நீர்ப்பறவைகளுக்குப் பொதுப்பெயர். ஆனால் மங்கிய பச்சை நிறக் கால்களோடு மடைவாயில் நிற்கும் மடையானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாட்டு நினைவுக்கு வருகிறது. இங்கே அடையாளம் வெறும் அலங்காரமன்று. அந்தப் பறவை மீனையே நோக்கியிருந்தது, தலைவியை நோக்கவில்லை. சான்று இருந்தும் சான்று இல்லை. அவளுடைய துயரம் முழுவதும் அப்பறவையின் பசியில் அடங்கியிருக்கிறது. உற்றுப் பார்க்காத புலவனுக்கு அது கிட்டியிராது.

சத்திமுத்தப் புலவரையும் எண்ணிப் பாருங்கள். மதுரையில் குளிரில் நடுங்கிக் கிடந்த அவ்வறிஞர் நாரையிடம் தூது சொல்கிறார். அதன் கால் சிவப்பு. பவள நிற அலகு, பிளந்த பனங்கிழங்கு போல் நீண்டு கூர்த்தது. பேடையோடு தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் பறவை அது. இவ்வடையாளங்கள் வெண்ணாரைக்குப் பொருந்துவதைப் பறவை நூலார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வரும் பறவை அது. வலசை என்னும் அறிவியல் உண்மையைத் தமிழ்ப்புலவர் ஒருவர் தம் வறுமையின் நடுவில் நின்று கண்டு, தம் மனைவிக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்திக்கொண்டார். இன்று அந்த வெண்ணாரையைத் தமிழகத்தில் காண்பதே அரிது. பாட்டு இருக்கிறது, பறவை நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்க் குயிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியார், இங்குள்ள தோப்பொன்றின் நினைவோடு இணைத்துப் பேசப்படும் 'குயில் பாட்டை' இயற்றினார். பாவேந்தர் தம் இதழுக்கே 'குயில்' என்று பெயரிட்டார். ஆனால் தோப்பில் இனிமையாகக் கூவுவது ஆண்குயில். அது கருநிறம். பெண்குயில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. 'கிக் கிக்' என்று கூர்மையாகக் கத்துமேயன்றி அப்படிப் பாடாது. அப்படியானால் பெண்குயிலைப் பாடவைத்த பாரதி தவறினாரா என்று கேட்பீர்கள். இல்லை. தாம் கண்டது கற்பனையின் விளையாட்டு என்பதை அவரே பாட்டின் முடிவில் சொல்லிவிடுகிறார். அறிந்து மீறுவது கவிஞனின் உரிமை. அறியாமல் மீறுவது என்னுடைய வாத்துக் கூட்டம்.

பெயரிடுவதில் வெளிநாட்டார் ஒருவருக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் சொன்னரா (1748–1814) புதுச்சேரியில் தங்கிப் பணியாற்றியவர். இந்தியாவிலும் சீனத்திலும் தாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1782இல் வெளிவந்தது. அதில் அவர் வருணித்த பறவைகள் சிலவற்றுக்கு 1789இல் கிமெலின் என்னும் செருமானிய அறிஞர் இலத்தீன் பெயர் சூட்டினார். அவற்றுள் இரண்டுக்கு 'பாண்டிசேரியானசு' என்று நம் ஊரின் பெயரையே வைத்தார். ஒன்று காட்டுக்கீச்சான், மற்றொன்று நாம் எல்லோரும் அறிந்த கௌதாரி. உலகில் எந்த மொழியில் பறவைநூல் எழுதினாலும் கௌதாரியைப் பற்றிய பக்கத்தில் நம் ஊரின் பெயர் இருக்கும். 2006இல் பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி என்று மாற்றப்பட்ட பின்னும் அந்தப் பறவை பழைய பெயரைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது.

நான் குடியேறிய புதிதில், எங்கள் குடியிருப்பின் வெற்று மனைகளில் விடியற்காலையில் கௌதாரி கூவும். இன்று கூவுவதில்லை. புதரும் தரிசும் வேண்டும் அதற்கு; எங்கள் தெருவில் இப்போது சுற்றுச்சுவர்களே உள்ளன. ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற பறவைக்கு ஊரில் இடமில்லை.

இனி அந்தத் தூங்குமூஞ்சி மரம்.

மழைக்காலம் தொடங்கியதும் அதில் பறவைகள் வந்து கூடு கட்டும். சாம்பலும் கறுப்பும் கலந்த, கழுத்துக் குறுகிய, சிவந்த கண்களையுடைய பறவைகள். பகலெல்லாம் இலைகளுக்குள் கூன்போட்டு உறங்கும். அந்தி சாயும்போது ஒவ்வொன்றாய்க் கிளம்பி ஏரியை நோக்கிப் பறக்கும். கீழே நிறுத்திய வண்டிகளின்மேல் எச்சம் விழுந்தது. மீன்நாற்றம் அடித்தது. குஞ்சுகள் கூட்டிலிருந்து தவறி விழுந்தன. குடியிருப்போர் கூடிப் பேசினார்கள். மரத்தை வெட்டிவிடலாம் என்று மனு ஒன்று எழுதினார்கள். தமிழாசிரியன் என்பதால் அந்த மனுவின் நடையைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. 'சில பறவைகளால் பொதுமக்களுக்கு இடையூறு' என்று நானே என் கையால் எழுதினேன், கையொப்பமும் இட்டேன். தை மாதத்தில் மரம் விழுந்தது. இரண்டு நாளில் அந்த இடம் சுத்தமாயிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

பெரியவரிடம் பாடம் கேட்கத் தொடங்கியது அடுத்த ஆண்டு. ஒருநாள் இருள் கவியும் வேளை. எங்கள் தலைக்குமேல் ஒரு பறவை 'வக்' என்று ஒற்றைக் குரல் எழுப்பிக்கொண்டு சென்றது. "வக்கா போவுது" என்றார் அவர். "கூப்பிடுற சத்தமே அதுக்குப் பேரு. ராத்திரி பூரா மீன் புடிக்கும். முன்னெல்லாம் அந்தத் தெருமுனை மரத்துல நெறைய அடையும். யாரோ வெட்டிப்புட்டாங்க."

யாரோ என்றார். நான் பேசாமல் நின்றேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இந்த அவையில்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

நண்பர்களே, என் மனுவில் 'சில பறவைகள்' என்றுதானே எழுதினேன். 'வக்காக்கள்' என்று எழுத நேர்ந்திருந்தால் என் கை சற்றுத் தயங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பெயர் தெரிந்த ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது எளிதன்று. பெயர் தெரியாதவரை 'சிலர்' என்று சொல்லிவிடலாம். நம் இன்றைய கவிதைகளிலும் 'ஏதோவொரு பறவை', 'பெயர் தெரியாப் பறவை' என்னும் தொடர்கள் மிகுந்துவிட்டன. அதில் ஒரு மயக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மயக்கத்துக்கும் என் மனுவின் நடைக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு.

இதற்கு மாறான ஊர்களும் நம் நாட்டில் உள்ளன. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் அவ்வூராரின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். அவர்கள் வெறும் இரக்கத்தால் செய்யவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அறிந்திருந்தார்கள். நாங்கள் இடையூறு என்று எழுதியதை அவர்கள் உரம் என்று எழுதினார்கள். ஒரே எச்சம்தான். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியினர் வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டார்கள். பட்டாசுக்கு அழும் பிள்ளையிடம் அவ்வூர்த் தாய் என்ன சொல்லித் தேற்றுகிறாள் என்பதே ஒரு காவியத்துக்குரிய பொருள் என்று நினைக்கிறேன்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டம் ஊசுட்டேரிக் கரையிலோ பாகூர் ஏரிக் கரையிலோ விடியற்காலையில் நடக்கட்டும். அன்று கவிதை வாசிக்க வேண்டா, பார்த்தால் போதும். கார்த்திகை முதல் மாசி வரை வலசைப் பறவைகளைக் காணலாம்.

இரண்டாவது, நம் ஏரிகளைச் சுற்றி வாழும் மீனவர்கள், உழவர்கள், மாடு மேய்ப்பவர்கள், இருளர் ஆகியோரிடமுள்ள பறவைப் பெயர்களை, அவர்கள் சொல்லும் விளக்கத்தோடும் சிரிப்போடும் எழுதிச் சேர்ப்போம். பெயர்களைத் தந்தவர்கள் முதியவர்கள். நம் அடுத்த மலர் வெளிவரும்வரை அவர்கள் காத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, 2015 முதல் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டவற்றையும் எண்ணிக்கையையும் குறித்துத் தந்தால் போதும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் வாய் பேசாமல் நிற்பது கவிஞர்களுக்குக் கடினமே. ஆயினும் முயல்வோம்.

தெருமுனையில் அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது தூங்குமூஞ்சிக் கன்று ஒன்று வைத்திருக்கிறேன். மனிதர் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. வக்காக்கள் கூடு கட்டும் அளவுக்கு அது வளர்வதை நான் காணப்போவதில்லை. அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். சென்ற வாரம் அந்தியில் 'வக்' என்று குரல் கேட்டதும் அவள் அண்ணாந்து பார்த்து, "தாத்தா, வக்கா போவுது" என்றாள். அந்தப் பெயர் இன்னும் ஒரு தலைமுறைக்கு இருக்கும். மரம் கேட்டு மனு எழுத வேண்டிய நாள் வந்தால், அதனை அவள் எழுதட்டும்.